‘ஜம்ப்’ என்னும் வினையும் தமிழின் தாவல்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டம் ஒன்றின் மேடையில் ஓர் ஆங்கில வினைச்சொல்லை ஆராய்வது சிலர்க்கு வியப்பளிக்கலாம். கும்மிடிப்பூண்டியில் அவ்வியப்புக்கு இடமில்லை. மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளி ‘ஜம்பர்’ என்கிறார். பள்ளி மாணவி ‘ஹை ஜம்ப்’ என்கிறாள். சாலைச் சந்திப்பில் நிற்கும் காவலர் ‘சிக்னல் ஜம்ப்’ என்கிறார். மூவர் வாயிலும் ஒரே சொல். மூவர் கருதுவதும் வேறு வேறு செயல். இச்சொல்லுக்குத் தமிழ் யாது எனக் கேட்டால், ‘குதி’ என்னும் விடையே பெரும்பாலும் உடனே வரும். அவ்விடை எத்துணைப் போதும் என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

முதற்கண் ஆங்கிலத்தின் நிலையை நோக்குதல் தகும். ‘ஜம்ப்’ அம்மொழியில் மிகப் பழைய சொல் அன்று. பதினாறாம் நூற்றாண்டில்தான் அது வழக்கிற்கு வந்தது. அதன் பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை. கால் தரையில் படும் ஓசையைப் போன்மையாக்கி எழுந்த ஒலிக்குறிப்பாகலாம் என்பர். அதனினும் பழையது ‘லீப்’. அதன் உறவுச் சொல் செருமானிய மொழியில் இன்றும் ஓடுதலைக் குறிக்கிறது. ‘லீப்’ ஆண்டு என்னும் பெயரும் இவ்வினையினின்று பிறந்ததே. சாதாரண ஆண்டில் 52 வாரங்களும் ஒரு நாளும் இருத்தலால், ஒரு தேதி ஆண்டுதோறும் ஒரு கிழமை நகரும். பிப்ரவரி 29 இடையில் வந்தால் ஒரு கிழமையைத் தாண்டி அடுத்ததில் விழும். 2023இல் செவ்வாய்க்கிழமை வந்த ஆகஸ்டு 15, 2024இல் புதனைத் தாண்டி வியாழனில் வந்தது. ஆங்கிலேயர் அத்தாவலைக் கண்டு பெயரிட்டனர். தமிழர் ஆண்டின் நீளத்தைக் கண்டு நெட்டாண்டு என்றனர்.

இலத்தீன மொழியின் குதித்தல் வினையும் ஆங்கிலத்தினுள் மறைந்து வாழ்கிறது. ‘ரிசல்ட்’, ‘இன்சல்ட்’, ‘அசால்ட்’ ஆகிய மூன்றும் அதன் வழித்தோன்றல்களே. திரும்பித் துள்ளி வருவது முடிவு. ஒருவர்மேல் பாய்வது இழிவுபடுத்தல். எதிர்த்துப் பாய்வது தாக்குதல். ‘ஏன் என்மேல் பாய்கிறாய்?’ என்று தமிழ் இல்லங்களில் கேட்கும்போது, இலத்தீனம் சென்ற வழியிலேயே தமிழும் சென்றிருப்பதைக் காணலாம். ஆகவே ஆங்கிலம் வினை வறுமையுடைய மொழி அன்று. ‘ஸ்பிரிங்’, ‘ஹாப்’, ‘ஸ்கிப்’, ‘வால்ட்’ என அதற்கும் பல வினைகள் உண்டு. ஆயினும் நாள்வழக்கில் ‘ஜம்ப்’ அனைத்தையும் விழுங்கிவிட்டது. கால் தரையை விட்டு எழுந்தது என்பதை மட்டும் அது கூறும். எஞ்சியவற்றை உடன்வரும் இடைச்சொற்கள் கூறும்.

தமிழ் வினைகள் அவ்வாறு இடைச்சொல்லை எதிர்நோக்குவதில்லை. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப்பார்வை உடையது.

‘தாண்டு’ என்பது கடக்கப்படும் பொருளை நோக்கும். வாய்க்காலைத் தாண்டினான், வரம்பைத் தாண்டினான். ‘ஹை ஜம்ப்’ போட்டியைத் தமிழில் உயரம் தாண்டுதல் என்று அமைத்தவர் யாராயினும் பாராட்டுக்குரியர். அப்போட்டியில் குறுக்குக் கோலே அளவை. சேலம் மாவட்டத்தின் மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது, ‘குதித்தார்’ என்று எழுதியிருந்தால் அக்கோல் செய்தியில் இடம்பெற்றே இராது.

‘தாவு’ என்பது ஒரு பற்றுக்கோட்டை விட்டு மற்றொன்றைப் பற்றுவது. மந்தி கிளைக்குக் கிளை தாவும். பாட்டியின் இடுப்பிலிருக்கும் குழந்தை தாயைக் கண்டதும் தாவும். கம்பராமாயணச் சுந்தர காண்டத்தின் முதற் படலத்திற்குக் ‘கடல் தாவு படலம்’ என்று பெயர். அனுமன் கடலைக் கடந்தமை அதன் செய்தியாயினும், மகேந்திரத்தை விட்டு இலங்கையைப் பற்றியமை அப்பெயரில் ஒளிர்கிறது. 1985இல் அரசியலமைப்பின் 52ஆம் திருத்தத்தால் வந்த சட்டத்தைக் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்கிறோம். ஒன்றைப் பற்றிக்கொண்டே மற்றொன்றைத் துறப்பவர்க்கு இதனினும் பொருத்தமான வினை கிடைத்தல் அரிது.

‘குதி’ என்பது விழும் இடத்தை நோக்கும். கிணற்றில் குதித்தான், மதிலிலிருந்து குதித்தான். ‘தேர்தல் களத்தில் குதித்தார்’ என்று நாளிதழ்கள் எழுதுவதும் இப்பார்வையாலேயே. குதிகாலின் பெயரிலும் இதே ஒலி அமைந்துள்ளது. சினத்தாலும் மகிழ்ச்சியாலும் நின்ற இடத்திலேயே குதித்தல் இதன் விரிந்த பொருள். வினைகளுள் பரப்பு மிகுந்தது இதுவேயாதலின், மொழிபெயர்ப்பாளர் கை முதலில் இதன்மேல் விழுகிறது.

‘பாய்’ என்பது இலக்கை நோக்கும். புலி மான்மேல் பாயும். அம்பு மார்பில் பாயும். வாடிவாசலினின்று காளை பாயும். இவ்வினைக்கே நீரும் ஒளியும் மின்சாரமும் உரியன. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி எழும்போதெல்லாம் ‘விண்ணில் பாய்ந்தது’ என்றே இதழ்கள் எழுதுகின்றன. தேய்ந்த தொடராயினும் வினை பிழையன்று. ஏவூர்திக்குச் சேருமிடம் உண்டு.

‘துள்ளு’ என்பது உள்ளிருந்து எழும் ஆற்றலை நோக்கும். இளங்கன்று துள்ளும், வலையில் விழுந்த மடவை துள்ளும். முன்னதில் களிப்பு, பின்னதில் உயிர்ப்போராட்டம். ‘எகிறு’ கட்டுக்கடங்காமல் மேலெழுதலைக் குறிக்கும். பந்து எகிறும், விலையும் எகிறும். ஆட்டுக்குட்டிக்கும் கயலுக்கும் சங்கப் புலவர் ஆண்ட ‘உகள்’ இன்று நூலோடு நின்றுவிட்டது.

‘தத்து’ என்பது சிறு எழுச்சியும் அண்மையில் அமர்தலும். தத்துக்கிளி இதனால் பெயர் பெற்றது. 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவினின்று புறப்பட்ட சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கி, செப்டம்பர் 3 அன்று நிலவில் தன் பொறிகளை மீண்டும் இயக்கி ஏறத்தாழ 40 செ.மீ. எழுந்து, 30 முதல் 40 செ.மீ. அப்பால் அமர்ந்தது. அறிவியலார் அதனை ‘ஹாப்’ என்றனர். நிலவில் விக்ரம் தத்தியது என்று தமிழில் எழுதினால் ஒரு சொல்லும் கூட்டவேண்டியதில்லை, குறைக்கவேண்டியதில்லை.

இவ்வினைகளைத் தமிழ் இலக்கணமும் கைக்கொண்டமை கவிஞர்கள் அறிந்ததே. சூத்திர நிலைகளுள் ஒன்றை நன்னூலார் தவளைப் பாய்த்து என்றார். இடையில் உள்ளதை விட்டு அப்பால் உள்ளதனோடு சென்று பொருந்தும் நூற்பாவிற்கு அப்பெயர். தவளை போகுமிடத்தை நோக்கியே பாய்கிறது என்பதை அப்பெயர் உணர்த்தும். கலிப்பாவின் ஓசை துள்ளல் எனப்பட்டது. உரையாசிரியர்கள் அதனைக் கன்றின் துள்ளலோடு ஒப்பிட்டனர். காய்ச்சீர் நேரசையில் முடிந்தபின் நிரையசை வந்து எதிர்ப்படும் கலித்தளையில், ஒழுகிச் செல்லும் ஓசை திடுமென மேலெழுகிறது. முல்லைக்கலியில் ஏறுதழுவுதலைப் பாடிய பகுதிகளுக்கு அவ்வோசை வாய்த்தமை எண்ணி மகிழத்தக்கது. பாய்த்து, துள்ளல் என்னும் இரண்டினையும் இடமாற்றிப் பெயரிட எந்த இலக்கணியும் துணியமாட்டார்.

இனி, எவ்வினையும் பொருந்தாத இடங்களும் உள. ஆங்கிலத்தில் வரிசையைக் குதிப்பர். தமிழில் முந்திக்கொண்டு நுழைவர். ஆங்கிலத்தில் பிணையைக் குதிப்பர். தமிழில் பிணையில் வந்து தலைமறைவாவர். ஆங்கிலத்தில் முடிவுக்குக் குதிப்பர். தமிழில் ஆராயாமல் முடிவு கட்டுவர். ஆங்கிலத்தில் தொடர்வண்டி தண்டவாளத்தைக் குதிக்கும். தமிழில் தடம் புரளும். 2024 அக்டோபர் 11 இரவு, கும்மிடிப்பூண்டிக்கு அண்மையில் உள்ள கவரைப்பேட்டையில், நின்றிருந்த சரக்கு வண்டியின்மீது பாக்மதி விரைவு வண்டி மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. சாய்ந்து கிடந்த பெட்டிகளைக் கண்டவர்க்குப் ‘புரள்’ என்னும் வினையின் உண்மை விளங்கியிருக்கும்.

இத்துணை நுட்பம் புலவர்க்கும் அகராதியாளர்க்கும் மட்டுமே உரியது என்று கருதினால் அது தவறு. இப்பகுதியின் உருக்காலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். செங்கனலாய்ச் சிவந்த இரும்புக் கம்பி உருளைகளினூடே விரைந்து வருகிறது. நுனி எங்கேனும் தடைப்பட்டால், பின்னே வரும் கம்பி வளைந்து நெளிந்து வெளியே வந்துவிடும். இதனை எச்சரிக்கும் குறிப்பை ஒருவர் ஆங்கிலத்தினின்று பெயர்த்துக் ‘கம்பி குதிக்கும்’ என்று எழுதினால், அது கீழே விழும் என்றே தொழிலாளி கொள்ளக்கூடும். ‘கம்பி பாயும்’ என்று எழுதினால், அது தன்னை நோக்கி வரும் என்று அறிந்து விலகி நிற்பார். ஈரமான பழைய இரும்பை உருகிய உலோகத்தில் இட்டால், நீர் நொடியில் ஆவியாகிக் குழம்பைச் சிதறடிக்கும். அங்கு வேண்டிய வினை ‘தெறி’. எத்திசையிலும் தெறிக்கும் என்பதால் முகமும் கண்ணும் காக்கப்பட வேண்டும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

மின்சாரத்திலும் இவ்வாறே. கம்பியினுள் மின்னோட்டம் பாய்கிறது. ‘மின்சாரம் பாய்ந்து தொழிலாளி உயிரிழப்பு’ என்னும் தலைப்பை நாளிதழ்களில் நாம் படித்துக் கடந்துவிடுகிறோம். புலிக்குரிய வினை அதில் இருப்பதை எண்ணுவதில்லை. உயர் அழுத்தக் கம்பியிடத்தோ மின்சாரம் பாய்வதற்கு முன்னர்த் தாவுகிறது. உலர்ந்த காற்றில் 1 மில்லிமீட்டர் இடைவெளியைக் கடக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். அழுத்தம் ஏற ஏற இடைவெளியும் ஏறும். கம்பியைத் தொடாமலே, மிக நெருங்கிய அளவில், மின்பொறி தாவி உடலைப் பற்றிக்கொள்ளும். ‘தொடாதே’ என்னும் பலகை இதனைக் கூறாது. ‘நெருங்காதே, மின்சாரம் தாவும்’ என்பது கூறும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், அபாய அறிவிப்பு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருப்பதோடு அம்மாவட்ட மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றன. மண்டையோட்டுக் குறியும் வேண்டும் என்றன. மண்டையோடு அபாயம் உண்டென்று மட்டுமே சொல்லும். அபாயம் எவ்வழி வரும் என்று சொல்ல வேண்டியது வினைச்சொல்லின் கடமை.

அகராதிகள் இத்துறையில் செய்த தொண்டு பெரிது. வின்சுலோ அகராதி 1862இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தந்து சொல்லின் நடமாட்டத்தையும் காட்டியது. ஆயினும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகக் குதி, தாவு, பாய் என்று காற்புள்ளி இட்டு வரிசைப்படுத்தும்போது, அக்காற்புள்ளிகள் வேறுபாட்டைச் சொல்வதில்லை. அதனைச் சொல்ல வல்லவர் இருவர். ஒருவர், வினையைத் தன் கையாலும் உடலாலும் அறிந்த தொழிலாளி. மற்றவர், சொல்லை நிறுத்து எடுக்கும் கவிஞர்.

இவ்விருவரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். சிலரிடத்து இருவரும் ஒருவரே. ஆதலின், அடுத்த பத்தாண்டுக்கு இவ்வட்டத்தின் முன் ஒரு பணி வைக்கத்தக்கது. ஆலைகளிலும் மின்பாதைகளிலும் மீன்துறையிலும் வழங்கும் அசைவு வினைகளை, சொன்னவர் சொன்ன தொடரோடே தொகுத்தல் வேண்டும். தொகுத்தவற்றைக் கொண்டு எச்சரிக்கைப் பலகைகளின் தமிழைத் திருத்தித் தருதல் வேண்டும். தொடக்கமாக ஒரு சொல்: இரு மின்கம்பிகளை இடைவெளி கடந்து இணைக்கும் ‘ஜம்பர்’ என்பதனைத் தாவுகம்பி எனலாமா? ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றும் இலக்கணம் அதற்குப் பொருந்துகிறது. ஏற்பதும் மறுப்பதும் கம்பத்தில் ஏறுபவர் உரிமை. அவரிடம் கேட்டுவந்து அடுத்த கூட்டத்தில் சொல்ல உறுப்பினர் ஒருவர் முன்வருவாராக.

வட்டம் வளர்க! வாழ்க தமிழ்!