கார்புரேட்டரைத் திருகும் முன்பு



மழைக்காலம் முடிந்ததும் நம் பள்ளிப்பட்டு வட்டாரத்து மாந்தோப்பிலும் கரும்பு வரப்பிலும் புல் முழங்கால் உயரம் வந்துவிடுகிறது. ஆள் கிடைக்காததால் பலரும் முதுகிலோ தோளிலோ மாட்டும் பிரஷ் கட்டர் வாங்கிவிட்டீர்கள். இன்று அந்த டூ ஸ்ட்ரோக் மெஷினின் கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு தோப்பிலே நான் பார்த்தது. ஆக்சிலேட்டரை விட்டால் என்ஜின் நின்றுபோகிறது என்று ஒரு விவசாயி ஐடில் திருகை நன்றாக முறுக்கிவிட்டார். அப்புறம் கையை விட்டாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்கிய கொடியை எடுக்கக் குனிந்தார். செருப்பு முனை போயிற்று, விரல் தப்பியது. கோளாறு எங்கே தெரியுங்களா? ஏர் பில்டர் முழுக்கத் தூசி!

ஆகவே, முதலில் கார்புரேட்டர் மேலே பழி போடாதீங்க. பில்டர் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, உலர்த்திப் போடுங்க. பிளக்கைக் கழற்றிப் பாருங்க. பிஸ்கட் நிறம் இருந்தால் கலவை சரி. கரி பிடித்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. ஆயில் அளவு மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி.

இதற்குப் பிறகும் சரியாகவில்லையென்றால் திருகைத் தொடலாம். பெரும்பாலும் மூன்று இருக்கும்: எல், எச், ஐடில். ஐந்து நிமிடம் ஓடி என்ஜின் சூடாகட்டும். சோக் முழுக்கத் திறந்திருக்கட்டும். பிளேடு தரையிலோ ஆள் மேலோ படாமல் வையுங்க.

எல் திருகை வலப்பக்கம் மெதுவாகத் திருப்பினால் வேகம் ஏறும், பிறகு தடுமாறும். வேகம் அதிகமாயிருந்த இடத்துக்குத் திரும்பி வந்து, இடப்பக்கம் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி விடுங்க. ஆக்சிலேட்டரை அழுத்தினால் தயங்காமல் எகிற வேண்டும். கடைசியில் ஐடில் திருகு. கையை விட்டதும் என்ஜின் ஓடணும், பிளேடு நிற்கணும். இதுதான் பரீட்சை.

எச் திருகை மட்டும் காதை நம்பித் திருப்பாதீங்க. வலப்பக்கம் முறுக்கினால் பெட்ரோல் குறையும். என்ஜின் கீச்சென்று பாயும், பலம் கூடியதுபோல் தோன்றும். ஆனால் இந்த என்ஜினில் பிஸ்டனுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதானே வருகிறது? பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். வேகம் அளக்கும் கருவி வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் கொடுங்க.

சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்க. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரம் இழுக்கும். தங்கினால் கார்புரேட்டரில் அடைப்பு வரும்.

திருகு சிறியதுதான், அதை நம்பியிருக்கிற கால் நம்முடையது.