விழித்திரை மருத்துவரிடம் செல்லும் தீவு மக்களுக்கு



விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சா என்று எவரும் முகஞ்சுளிக்க வேண்டா. நீரிழிவு நம் வண்டூர் வீடுகளிலும் புகுந்துவிட்டது. அந்நோய் விழித்திரையைத் தாக்கத் தொடங்குங்கால் வலியும் இராது, பார்வையும் மங்காது. மங்கிய பின்னர் ஓடுவதால் பயன் குறைவு. ஆதலின் நீரிழிவு உடையோர் ஆண்டுக்கொரு முறையேனும் கண்ணைக் காட்டுதல் வேண்டும்.

விழித்திரை என்பது கண்ணின் உட்புறத்தே, பின்பக்கத்தில் படர்ந்துள்ள மெல்லிய சவ்வு. நாம் காணும் உருவம் அதன்மீதே விழுகின்றது. கண்ணிலிடும் எண்ணெயும் தாய்ப்பாலும் அவ்விடத்தை எட்டுவதில்லை; கண்ணைப் புண்ணாக்குவதே மிச்சம்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் முதலிற் காட்டிவிட்டு, பெரிய சிகிச்சைக்கு நம்மவர் பலர் கடல் கடக்கின்றனர். மதுரையில் 1976-இல் மருத்துவர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையும், சென்னையில் 1978-இல் மருத்துவர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் நாம் அறிந்தவையே.

அங்கே முதல் நாள் பெரும்பாலும் காத்திருத்தலிலேயே கழியும். எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, கண்ணின் அழுத்தத்தை அளந்து, கண்மணி விரியச் சொட்டு மருந்து இடுவர். அது விரிய அரைமணி நேரமேனும் ஆகும். பின்னர் மருத்துவர் தலையில் விளக்கணிந்து, கையில் வில்லையேந்தி நோக்குவார். ஒளி கூசும், ஊறு செய்யாது. சில மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் பொறுக்காது. துணைக்கு ஒருவரும் கறுப்புக் கண்ணாடியும் இன்றியமையாதன. சிலருக்குக் கையின் நரம்பில் சாயம் ஏற்றிப் படமெடுப்பர். மறுநாள் வரை தோலும் சிறுநீரும் மஞ்சளிக்கும். காமாலை என்று கலங்கற்க.

கண்ணுக்குள் ஊசி என்றதும் நடுங்குவோர் உளர். மரக்கச் செய்த பின்னரே போடுவர். சில நொடிகளில் முடிந்துவிடும். நம்மை வருத்துவது வேறொன்று: அவ்வூசி ஒரு முறையோடு நிற்பதன்று, பலருக்குத் திங்கள்தோறும் சில முறை வேண்டியிருக்கும். எத்தனை முறை, அடுத்தவற்றைத் தீவிலேயே போட இயலுமா என்பதை அன்றே கேட்டறிதல் வேண்டும். லேசர் சிகிச்சை பெரும்பாலும் எஞ்சிய பார்வையைக் காப்பதற்கே, இழந்ததை மீட்பதற்கன்று.

நிற்க. கண்ணில் மின்னல் தெறித்தாலோ, திடீரெனக் கரும்புள்ளிகள் பொழிந்தாலோ, ஒரு பக்கம் திரை தொங்கினாலோ, விழித்திரை விலகுகின்றது என்று ஐயுற்று அன்றே மருத்துவரை நாட வேண்டும். அதற்கான அறுவையில் கண்ணுள் வாயுவை நிரப்புவதுண்டு. இங்கேதான் தீவினர் விழிப்பாயிருத்தல் வேண்டும். வானூர்தி உயர எழுங்கால் அதனுள் காற்றழுத்தம் குறையும். கண்ணிலுள்ள வாயு விரியும். கண்ணின் அழுத்தம் மிகுந்து பார்வையே பறிபோகலாம். வாயுவின் வகைக்கேற்ப அது கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு திங்களும் ஆகலாம். அதுகாறும் வானூர்தி ஆகாது. சிலிக்கோன் எண்ணெய் நிரப்பினால் இத்தடையில்லை. எனினும் அதை அகற்றப் பெரும்பாலும் மற்றோர் அறுவை வேண்டும். கப்பலோ கடல்மட்டத்திலேயே செல்வது. ஆயினும் குப்புறப் படுக்கச் சொன்ன நாள்களில் அலையாடும் மூன்று நாள் பயணம் எளிதன்று.

எனவே, “எங்கள் இல்லம் அந்தமானில், வானூர்தியில் திரும்ப வேண்டும்” என்று அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் கூறுவோம். திரும்பும் பயணச்சீட்டை அவர் நாள் குறித்த பின்னரே வாங்குவோம். வாயு இருப்பதைக் குறிக்கும் பட்டையைக் கையில் கட்டினால், மருத்துவர் சொல்லும் வரை அதனைக் கழற்ற வேண்டா.