வாணக் குழாய்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கியம் பற்றியும் சமயம் பற்றியும் இம்மேடையில் பேசுவதற்குப் புலமை மிக்கார் பலர் நம்மிடையே உளர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் ஒருவரை இன்று எழுந்து பேசுமாறு செயற்குழு பணித்ததன் காரணம் வேறு. ஆண்டு விழாவின் நிறைவு இரவில் வாணவேடிக்கை வைப்பதென்று தீர்மானம் நிறைவேறிய அன்றே, அதற்கு வேண்டிய சாமான்களைத் திரட்டும் பொறுப்பு எங்கள் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாங்கள் திரட்டியவை எவை, வேண்டாவென்று தள்ளியவை எவை, ஏன் தள்ளினோம் என்று கணக்குக் காட்டவே வந்துள்ளோம். சிலவற்றைத் தள்ளியதில் சிலருக்கு மனக்குறை உண்டென்பதையும் நாங்கள் அறிவோம்.

வாணவேடிக்கை என்றதும் அனைவரும் நிறத்தைப் பற்றிப் பேசினர். ஓசையைப் பற்றிப் பேசினர். பணத்தைப் பற்றி மிகுதியாகவே பேசினர். அந்த வாணம் எதிலிருந்து எழும்பப் போகிறது என்று எவரும் வினவவில்லை. வானத்தில் பூவாய் விரியும் குண்டைச் சிவகாசிக் கடைக்காரர் ‘பேன்சி’ என்பர். மலையாள நாட்டார் ‘அமிட்டு’ என்பர். பெயர் எதுவாயினும், அது தானே பறந்து செல்லும் பொருளன்று. ராக்கெட் வாணத்திற்கு வாலும் விசையும் அதனுடனேயே உண்டு. குண்டுக்கோ அவ்விரண்டும் இல்லை. அதனை மேலே எறிவது குழாய். ஆகவே வானத்தில் நாம் காணும் அழகு அனைத்தும் நிலத்தில் நிற்கும் ஒரு குழாயின் நேர்மையைப் பொறுத்தது.

அக்குழாய் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். குழாயின் அடியில் சிறிது கருமருந்து. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்தது. அதன்மேல் குண்டு அமர்ந்திருக்கும். திரியில் ஏறிய நெருப்பு அடிக்குச் சென்று கருமருந்தைப் பற்றுகிறது. மருந்து நொடியில் எரிந்து ஆவியாகிறது. அந்த ஆவிக்கு வெளியேற வழி ஒன்றே. குண்டை முன்னே தள்ளிக்கொண்டு குழாயின் வாய் வழியாகப் பாய்கிறது. அதே நெருப்பு குண்டினுள் உள்ள சிறு திரியையும் கொளுத்திவிடுகிறது. சில விநாடிகள் கழித்து, குண்டு உச்சியை அடையும் வேளையில், அத்திரி எரிந்து முடிந்து குண்டு விரிகிறது. குழாயின் அகலம் ஓர் அங்குலத்திற்கு 100 அடி உயரம் என்பது தொழில் அறிந்தோர் கொள்ளும் தோராயக் கணக்கு. மூன்று அங்குலக் குண்டு 300 அடி உயரம் சென்று விரியும்.

இங்கேதான் அளவின் அருமை தெரிகிறது. மூன்று அங்குலக் குழாய்க்கு உரிய குண்டு மூன்று அங்குலம் இராது. ஏறத்தாழக் கால் அங்குலம் குறைவாகவே செய்யப்படும். சுற்றிலும் விரல் நுழையாத அந்த இடைவெளி மிகக் கூடினால் ஆவி பக்கத்தில் கசிந்து போய்விடும். குண்டு தென்னை உயரம்கூட எழும்பாமல் தாழ்ந்து, கூட்டத்தின் தலைக்கு மேலேயே விரியும். இடைவெளி இல்லாமற்போனாலோ குண்டு சிக்கிக்கொள்ளும்; சிக்கிய குண்டு குழாயினுள்ளேயே வெடிக்கும். நீளமும் வேண்டும்; அகலத்தைப்போல் ஐந்து மடங்கேனும் இல்லையாயின் ஆவி முழு விசையுடன் தள்ளுவதற்குள் குண்டு வெளியேறிவிடும். அடியடைப்போ இவை எல்லாவற்றினும் முக்கியம். குண்டை மேலே எறியும் விசை அதே அளவு கீழேயும் உதைக்கிறது. சிறு குழாய்களுக்குக் களிமண்ணைக் கெட்டித்து அடைப்பர். பெருங்குழாய்களுக்கு மரக்கட்டை செதுக்கிச் சுற்றிலும் திருகாணி முடுக்குவர். இரும்பாயின் தகடு வைத்துப் பற்றவைப்பர். அடைப்பு கழன்றால் குண்டு இருந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் அதன் திரி எரிந்துகொண்டேயிருக்கும்.

இவ்வளவும் சொன்னது, எங்களிடம் வந்த யோசனைகளை நீங்களே எடைபோட வேண்டும் என்பதற்காக.

முதலாவது யோசனை, யார்டில் கிடக்கும் ‘கண்டம்’ ஆன இரும்புக் குழாய்களை அறுத்துக்கொள்ளலாம் என்பது. கண்டம் ஆன பொருளும் ரயில்வேயின் பொருளே. ஏலத்தில் போகும்வரை ஒரு துண்டும் எவருக்கும் உரியதன்று. 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டம் இதில் இரக்கம் காட்டுவதில்லை. அப்பதிவேடுகளை எழுதும் கையே அதிலிருந்து குழாய் எடுப்பதா? அது நிற்க, முறைப்படி ஏலத்தில் வாங்கினாலும் நாங்கள் வேண்டோம். ஒரு குழாயைக் கண்டம் செய்வது அது தேய்ந்தது, துருப்பிடித்தது, வெடிப்புக் கண்டது என்பதனால்தானே? சந்தையில் கிடைக்கும் புது இரும்புக் குழாயிலும் பெரும்பாலானது தகட்டை வளைத்து நீளவாக்கில் பற்றவைத்தது. உள்ளே குண்டு வெடித்தால் அந்த மூட்டுவாய் பிளக்கும். வார்ப்பிரும்பாயின் சொல்லவே வேண்டா. அது துண்டு துண்டாய்ச் சிதறும். அந்தத் துண்டுகளுக்கும் பீரங்கிக் குண்டின் சில்லுகளுக்கும் வேற்றுமை இல்லை.

“நம் ஊர்த் திருவிழாக்களில் தலைமுறை தலைமுறையாக இரும்புதானே?” என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கோயில் வாசலில் அதிர்வேட்டுப் போடும் இரும்புக் குழலையும், மலையாள நாட்டுக் கோயில்களில் வெடிவழிபாட்டுக்கு வைக்கும் கதினாவையும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவை ஓசை எழுப்புவதற்கானவை, எதையும் எறிவதில்லை. திருச்சூர்ப் பூரத்தில் அமிட்டு எறியும் இரும்புக் குழாய்களை மண்ணில் புதைத்து வைப்பர். அங்கே இரும்புக்கு வெளியே பூமியே ஒரு சுவராய் நிற்கிறது. நம் திடலோ ஓர் அடிக்குக் கீழே கற்பாறை. குழி தோண்டுவது நடவாது.

இரண்டாவது யோசனை, குடியிருப்பில் குழாய் மாற்றியபோது மிஞ்சிய வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், அதாவது பி.வி.சி. இதனைச் சொன்ன இளைஞர் நல்லெண்ணத்துடன்தான் சொன்னார்; விலையில்லாப் பொருள் வேறு. ஆனால் பி.வி.சி. நொறுங்கும் இயல்புடையது. வெயிலில் கிடந்தது இன்னும் எளிதில் நொறுங்கும். நொறுங்கினால் கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாய்த் தெறிக்கும். வாணத்தொழிலில் எவரும் தொடக்கூடாத குழாய் இது என்பதை இளைஞர்கள் இங்கேயே மனத்தில் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

தண்ணீருக்குப் பயன்படும் கறுப்புக் குழாய் ஒன்று உண்டு, எச்.டி.பி.இ. என்பர். மேல்நாட்டு வாணக்காரர் பலரும் இன்று அதனையே கையாளுகின்றனர். அது நொறுங்காது, உள்ளே வெடித்தால் உப்பிக் கிழியும். நாங்கள் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் குழாய்க் கடைகளில் அலைந்தோம். அப்போது தெரிந்தது ஒரு செய்தி. கடைக்காரர் இக்குழாயை வெளிவட்டத்தை அளந்து, மில்லிமீட்டர்க் கணக்கில் விற்கிறார். வாணத்திற்கு வேண்டியதோ உள்வட்டம். 90 மில்லிமீட்டர் என்று எழுதிய குழாய் இரண்டனை எடுத்தால், சுவரின் கனத்துக்கு ஏற்ப இரண்டின் உள்வட்டமும் வேறுபடும். ஒன்றில் குண்டு ஆடும், மற்றொன்றில் நுழையாது. அடியடைப்புச் செய்வதற்கு அனுபவம் உள்ள கையும் வேண்டும். நம் குடியிருப்பில் நல்ல தச்சர் உண்டு, நல்ல பிட்டர் உண்டு. ஆனால் இதில் பழகிய கை இல்லை. ஆசையோடு பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தது காகிதம். சிரிக்க வேண்டா. காகிதம் என்றால் நம் பேரேட்டுக் காகிதமன்று. பழுப்புநிறக் கிராப்ட் காகிதம். வழவழப்பான ஓர் உருளையின்மேல் பசை தடவிய காகிதத்தை அகலத் தாளாகவே பல சுற்றுச் சுற்றிச் செய்வது ஒருவகை. நாடா நாடாவாய்ச் சாய்த்து, தலைப்பாகை போலச் சுற்றிச் செய்வது மற்றொருவகை. நூற்பாலைகளில் நூல் சுற்றும் காகிதக் குழல் செய்யும் அதே முறை. நன்கு உலர்ந்தபின் அது மரம்போல் உறுதிப்படும். ஆயினும் உள்ளே விபத்து நேர்ந்தால் கிழியுமே ஒழியச் சில்லாய்ப் பாயாது. ஈரம் ஒன்றே அதற்குப் பகை. சிவகாசியில் ‘பைப்’ என்று விற்கும் 2 இஞ்சு, 3½ இஞ்சு பேன்சிகள் இவ்வாறு காகிதக் குழாயுடனேயே வருகின்றன. குண்டும் மருந்தும் அடைப்பும் ஆலையிலேயே பொருத்தப்பட்டவை. ஒருமுறைக்கு மேல் உதவா. 30 ஷாட், 60 ஷாட் என்னும் பெட்டிகளும் இத்தகைய சிறு குழாய்களை நெருக்கி ஒட்டி, ஒரே திரியால் கோத்தவையே. நாமே குழாய் செய்து குண்டு வாங்கி இடுவதைவிட இதற்குச் சற்றுச் செலவு கூடும்தான். அக்கூடுதலுக்குச் செயற்குழு ஒப்புதல் தந்தது. பொருளாளர் மட்டும் இன்னும் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்வதில்லை.

குழாய் நல்லதாயினும் நிற்கும் இடம் நல்லதாக வேண்டும். நாங்கள் ஒருகால் ஒரு கிராமத் திருவிழாவில் கண்டது இது. வரிசையாய் நிறுத்திய குழாய்களில் முதலாவது எழும்பிய உதையில் அடுத்தது சாய்ந்தது. சாய்ந்த குழாயின் குண்டு தரையோடு தரையாய்ப் பறந்து வைக்கோற்போரில் புகுந்தது. போர்தான் எரிந்தது; அந்தத் திசையில் அன்று ஆட்கள் இல்லை. அதனால் நம் குழாய் ஒவ்வொன்றும் மணல் நிரப்பிய பெட்டியில், உயரத்தில் மூன்றில் இரு பங்கு புதைந்து நிற்கும். மரப்பெட்டிகளை நம் தச்சர் செய்து முடித்துவிட்டார்; இந்த வேலைக்கு அவர் கை போதும், அதில் ஐயமில்லை. பெட்டிகள் ஒன்றையொன்று தொடா. திரி வைப்பவர் கை நீளமுள்ள ஊதுகோலால் பக்கத்திலிருந்து வைப்பார். குழாயின் வாய்க்கு மேலே அவர் தலை ஒரு கணமும் வரக்கூடாது.

பார்ப்போர் நிற்கும் தூரத்திற்கு அமெரிக்க நாட்டு விதி குழாயின் அங்குலம் ஒன்றுக்கு 70 அடி என்று வகுத்துள்ளது. 6 அங்குலக் குண்டு வேண்டுமென்று சிலர் விரும்பினர். அதற்கு 420 அடி வேண்டும். நம் திடலை நாடா வைத்து அளந்தோம். மேடையிலிருந்து கடைசி மதில்வரை 310 அடி. எனவே 3½ அங்குலத்திற்கு மேல் இல்லை. 245 அடியில் கயிறு கட்டப்படும். ஆறு அங்குலம் கேட்டவர்கள் நாடாவின்மேல் கோபம் கொள்ளலாம்.

சாமான்களைச் சிவகாசியிலிருந்து வரும் உறவினர் மூலம் ரயிலில் கொண்டுவரலாமே, அங்கே மலிவாயிற்றே என்று பலர் கூறினர். ரயில்வே குடும்பத்தார் வாயிலிருந்து இச்சொல் வரலாமா? 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவு இதற்கு மூன்றாண்டுவரை சிறை என்கிறது. சட்டம் கிடக்கட்டும், மூடிய பெட்டியில் ஆயிரம் பேர் உறங்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். பனிக்காலத்தில் தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கை வெடியைக்கூட நம் துறை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறது. ஆகவே இவ்வூரில் உரிமம் பெற்ற கடையிலேயே வாங்கினோம். உரிமம் என்பதை நாகபுரி வாழ்வோராகிய நாம் எளிதாக எண்ணலாகாது. 1898இல் தோன்றிய வெடிபொருள் துறையின் தலைமையகம் இந்நகரிலேயே உள்ளது. பசுமைப் பட்டாசின் மருந்துக் கலவையை வகுத்த ‘நீரி’ ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே. உச்ச நீதிமன்றம் 2005இல் இரவு 10 மணிக்குமேல் வெடியோசை கூடாதென்றது. 2018இல் பசுமைப் பட்டாசையே விற்கலாம் என்றது. நம் வாணம் இரவு 8.30க்குத் தொடங்கி 9க்கு முடியும். அதிகாரிகளின் அனுமதித் தாள் செயலாளரிடம் இருக்கிறது.

வைப்பிடம் பற்றி ஒரு சொல். 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லம் அருகே பரவூர்ப் புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வாணம் எழும்பும் இடத்தருகே வாணம் குவித்து வைத்திருந்ததே அங்கு நிகழ்ந்த பேரழிவுக்கு வழி செய்தது. நம்மிடம் எஞ்சிய பெட்டிகள் திடலில் இரா. ஒவ்வொரு முறைக்கு வேண்டியது மட்டும் மதிலுக்கு அப்பாலிருந்து வரும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வேடிக்கை முடிந்ததும் பிள்ளைகள் வெற்றுக் குழாய் பொறுக்க ஓடுவர். நாமும் அவ்வயதில் ஓடியவர்களே. வெற்று என்று தோன்றும் குழாயில் எழும்பாத குண்டு ஒன்று உட்கார்ந்திருக்கலாம். அரை மணி நேரம் எவரும் அருகே செல்லார். பிறகு நாங்கள் மூவரும் பக்கவாட்டில் சென்று ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் ஊற்றுவோம். விடிந்தபின் திடலை வெளிச்சத்தில் ஒருமுறை தேடுவோம். அதுவரை கயிறு அவிழ்க்கப்படாது.