இரவலும் கொடையும்

(மந்தைவெளியில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தனியொருவர் தம் அரிய உடைமையைப் பொதுவில் வைக்க முன்வரும்போது ஊர் என்ன செய்கிறது என்பதே என் உரையின் பொருள்.

அயர்லாந்தில் பிறந்த ஹியூ லேன் ஓவியங்களைத் திரட்டியவர். 1908இல் டப்ளின் நகரில் ஓவியக்கூடம் திறக்கப்பெற்றபோது, ரென்வார், மனே, தெகா முதலியோரின் பிரெஞ்சு ஓவியங்கள் உள்ளிட்ட 39 ஓவியங்களை இரவலாகத் தந்தார். நிலையான கட்டடம் எழுப்பினால் அவை கொடையாகும் என்றார். புதுடில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் வரைந்த திட்டத்தை 1913இல் மாநகராட்சி ஏற்கவில்லை. மனம் நொந்த லேன் ஓவியங்களை இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திற்கு மாற்றினார். உயிலையும் அவ்வாறே எழுதினார். 1915 பிப்ரவரியில் நெஞ்சு நெகிழ்ந்து, அவை டப்ளினுக்கே உரியன என உயிலுக்குப் பிற்சேர்க்கை எழுதிக் கையொப்பமிட்டார். சாட்சிகளின் கையொப்பம் பெறவில்லை. அவ்வாண்டு மே 7ஆம் நாள் லூசிட்டானியா கப்பலோடு அவரும் மாண்டார். சாட்சிக் கையொப்பம் இன்மையால் எழுந்த பூசல் 1959இல் உடன்பாடு காணும்வரை ஓயவில்லை. கவிஞர் யேட்ஸ் இதன்பொருட்டுக் கவிதைகளே எழுதினார்.

நம் நாட்டிலும் இரவலால் வாழ்ந்த செல்வம் உண்டு. சேலம் இராமசாமி முதலியார் தந்த பிரதியில் தொடங்கிய உழைப்பே 1887இல் உ.வே.சா.வின் சீவக சிந்தாமணிப் பதிப்பாக மலர்ந்தது. ஏடு உதவியோரின் பெயர்களை ஐயர் தம் முகவுரைகளில் நன்றியோடு பதிந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிற்று. எனினும் அவை கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாயின.

நம் உறுப்பினர் இல்லங்களிலும் பழைய சிற்றிதழ்களும் கவிஞர்தம் கையெழுத்துப் படிகளும் உறங்குகின்றன. நமக்குப்பின் அவை பழைய தாள் கடையில் எடைக்குப் போகலாம். அவற்றை நூலகங்களுக்கு வழங்குங்கள். வழங்கும்போது, இரவலா கொடையா, எத்தனை ஆண்டு, பின்னர் யாருக்கு உரியது என எழுதி, இருவர் சாட்சிக் கையொப்பம் பெறுங்கள். பெறுவோர், தந்தவர் பெயரை முதற்பக்கத்தில் பொறித்தல் வேண்டும்.

நண்பர்களுக்கிடையே எழுத்து எதற்கு, நம்பிக்கை போதாதா எனச் சிலர் வினவலாம். நம்பியவர் இருவரும் மறைந்தபின் பேச வல்லது எழுத்து ஒன்றே. அதனை அறியாதவர்களா கவிஞர்கள்?