தீர்ப்புக்கு முன் கேளுங்கள்
(நூற்றாண்டுக் கருத்தரங்கில், சட்டத்துறையிலுள்ள பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் விவாகரத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எங்களைக் கேட்டார்கள். இம்மண்டபத்தில் இருப்பவர்களிலும் அந்த வாசலைக் கடந்தவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களோடு படித்த ஒருத்தி. பிள்ளைகளுக்காக ஆசிரியத் தொழிலை விட்டவள். பதினைந்து வருடத்தின் பின் குடும்பம் முறிந்தது. "அந்தாளின்ர ஒரு சதமும் எனக்கு வேண்டாம், வழக்கு முடிஞ்சாக் காணும்" என்றாள். நாங்களும், "விடடி, நிம்மதியா இரு" என்றோம். விவாகரத்து கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, வீட்டு வாடகைக்கு வழியின்றி, தாபரிப்புக் கேட்கலாமா என்று எங்களிடமே வந்தாள். அன்று எங்களுக்கு வாயடைத்துவிட்டது. அதற்குக் காரணத்தைத்தான் இன்று விளக்க வந்திருக்கிறோம்.

எமது நாட்டில் தாபரிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒன்றென நினைப்பதே பெரும் தவறு.

முதலாவது, நீதவான் நீதிமன்றம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, போதிய வருமானமுள்ள ஒருவர், தன்னைத்தானே பராமரிக்க இயலாத வாழ்க்கைத் துணையைக் கைவிட்டால், மாதாந்தக் கொடுப்பனவுக்குக் கட்டளையிடலாம். 1889ஆம் ஆண்டின் பழைய சட்டம் மனைவிக்கு மட்டுமே அவ்வுரிமையைத் தந்தது. இப்போது கணவனும் கேட்கலாம். பிறன்தொடர்போடு வாழ்பவருக்கும், இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழும்போதும் இது கிடையாது. இந்த வழி "வாழ்க்கைத் துணை"க்கு உரியது. திருமணம் கலைந்ததும் அவள் மனைவி அல்ல, இந்தக் கதவு அவளுக்கு மூடிவிடும். பிள்ளைகளின் உரிமை மட்டும் தொடரும். தம்மைப் பராமரிக்க இயலாதவிடத்து 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளும் கேட்கலாம்.

இரண்டாவது, விவாகரத்து வழக்கு நடக்கும் மாவட்ட நீதிமன்றம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 614ஆம் பிரிவின் கீழ், வழக்கு முடியும்வரை தாபரிப்புக் கேட்கலாம். 615ஆம் பிரிவின் கீழ், தீர்ப்பு வழங்கும்போது நீதிமன்றம் ஒரு தொகைப் பணத்தையோ, மாதா மாதம் அல்லது வருடா வருடம் கொடுப்பனவையோ, சொத்தொன்றை எழுதிக் கொடுப்பதையோ கட்டளையிடலாம். பணம் தவறாமல் வருவதற்குக் காணியை ஈடாக வைக்கவும் சொல்லலாம். இருவரது வருமானத்தையும் நிலைமையையும் பார்த்தே தொகை தீர்மானிக்கப்படும். பின்னாளில் நிலைமை மாறினால் கட்டளையைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

"தீர்ப்பு வழங்கும்போது" என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் தோழி அப்போது கேட்கவில்லை. முதல் தீர்ப்பாணை கிடைத்து, குறைந்தது மூன்று மாதம் கழிந்து அது முற்றாகிய பின், பிள்ளைகளுக்காக மட்டுமே நாங்கள் வழக்குப் போட முடிந்தது. அவளுக்காக அல்ல.

ஆகவே வழக்குப் போடும்போதோ மறுமொழி கொடுக்கும்போதோ தாபரிப்பையும் எழுத்தில் கேளுங்கள். விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், துணையின் சம்பள விபரம், வங்கிப் புத்தகம், வாடகை, பள்ளிச் செலவு, மருந்துச் செலவு ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். தேசவழமைக்குட்பட்ட எம்மவரிடையே சீதன உறுதி, தேடியதேட்டம் என்பன வேறு விடயம். அவற்றைத் தாபரிப்போடு குழப்பவும் வேண்டாம், ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். முஸ்லிம் சகோதரிகளுக்குக் காதி நீதிமன்றம் இருக்கிறது.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைக் கேட்டறியுங்கள். கனடாவின் விவாகரத்துச் சட்டம் சேர்ந்து வாழ்ந்த காலத்தையும் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஆற்றிய பணியையும் பார்க்கச் சொல்கிறது. இங்கிலாந்தில், தாபரிப்பு பெறுபவர் மறுமணம் செய்தால் அந்தக் கொடுப்பனவு முடிந்துவிடும்.

தாபரிப்பு பிச்சை அல்ல. ஒருவர் உத்தியோகத்தில் உயரும்போது மற்றவர் வீட்டில் விட்டுக்கொடுத்த வருடங்களின் கணக்கு அது. அந்தக் கணக்கைக் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.

அந்தத் தோழி இன்று மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வாழ்கிறாள். எங்களை அவள் ஒருபோதும் குறை சொன்னதில்லை. இந்த உரையை எழுதச் சொன்னவளும் அவளே. உங்களிடம் ஒரு தோழி வந்து "எனக்கொண்டும் வேண்டாம்" என்றால், அவளை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒப்பமிடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் அழைத்துச் செல்லுங்கள்.