கோழிக்கூண்டில் தேவதூதர்

மாய யதார்த்தச் சிறுகதைகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். கட்டுரையாளர்கள் அனுப்பியிருந்த சுருக்கங்களை முன்கூட்டியே படித்தேன். கோட்பாட்டுப் பயிற்சி அவற்றில் நன்றாகத் தெரிகிறது. 1925-இல் ஜெர்மானிய ஓவிய விமர்சகர் ஃபிரான்ஸ் ரோ ‘மாய யதார்த்தம்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது முதல், 1949-இல் கியூபாவின் அலெஹோ கார்பெந்தியர் தம் நாவலுக்கு எழுதிய முன்னுரை வரை எல்லாம் அமர்வுகளில் வர இருக்கின்றன. ஆகவே அந்த வரலாற்றை நான் விட்டுவிடுகிறேன். இப்படிப்பட்ட கதை ஒன்றை முதல்முறையாகக் கையில் எடுக்கிற வாசகருக்காகச் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1968-இல் எழுதிய, பெரிய சிறகுகளுடைய மிக வயதான மனிதரின் கதை பலருக்கும் இந்த உலகத்தின் வாசலாக அமைகிறது. அது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். மூன்று நாளாக மழை. வீட்டுக்குள் நண்டுகள் புகுந்துவிட்டன. வீட்டுக்காரன் பெலாயோ அவற்றை அடித்துக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், நண்டு நாற்றம்தான் காரணம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். கொட்டிவிட்டுத் திரும்பும்போது முற்றத்துச் சேற்றில் ஒரு கிழவர் குப்புறக் கிடக்கிறார். எழ முயல்கிறார். சிறகுகள் எழவிடவில்லை.

பிணந்தின்னிக் கழுகின் சிறகுகள் அவை. அழுக்கேறி, பாதி இறகு உதிர்ந்து கிடக்கின்றன. கணவனும் மனைவியும் வெகுநேரம் உற்றுப் பார்க்கிறார்கள். பார்க்கப் பார்க்க வியப்பு அடங்கி, எங்கோ பார்த்த மனிதர் போல ஆகிவிடுகிறார். பக்கத்து வீட்டுப் பெண்தான் அவர் தேவதூதர் என்று சொல்கிறாள். கோழிகளோடு கூண்டில் அடைக்கிறார்கள்.

முதல்முறை படிப்பவர் இங்கே திகைத்துப்போவார். கனவு என்று எங்காவது சொல்லியிருக்கிறதா என்று பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். சொல்லியிருக்காது. திகைத்தவர் புத்தகத்தை மூடாமல் தொடர்ந்து படிக்கிறாரே, அதுதான் இந்தக் கலையின் மையமான கேள்வி என்று நான் நினைக்கிறேன். ஏன் படிக்கிறார்? நண்டுகளால். ஈரத்தையும் நாற்றத்தையும் குழந்தையின் காய்ச்சலையும் ஏற்கனவே நம்பிவிட்டார். சிறகு வந்து சேரும்போது அந்த நம்பிக்கையின் மேல் வந்து உட்காருகிறது. நாவலாசிரியருக்கு ஒரு ஊரையே கட்டியெழுப்பப் பக்கங்கள் உண்டு. சிறுகதைக்காரர் இதை முதல் பத்தியிலேயே முடித்தாக வேண்டும்.

மார்க்வெஸ் பத்திரிகையாளராக இருந்தவர். யானைகள் வானத்தில் பறக்கின்றன என்றால் யாரும் நம்பமாட்டார்கள், நானூற்று இருபத்தைந்து யானைகள் என்றால் நம்பக்கூடும் என்று 1981-இல் பாரிஸ் ரிவ்யூ நேர்காணலில் அவர் விளக்கியிருக்கிறார். இந்தக் கதையிலும் அதே நுணுக்கம்தான். தேவதூதரைப் பார்க்க ஆளுக்கு ஐந்து சென்ட் கட்டணம் வசூலிக்கிறார்கள். பாதிரியார் லத்தீனில் வணக்கம் சொல்லிப் பார்க்கிறார். கிழவருக்குப் புரியவில்லை, பாதிரியாருக்குச் சந்தேகம் எழுகிறது. கிழவருக்குத் தொப்புள் இருக்கிறதா என்று ரோமில் விசாரிக்கிறார்கள். அற்புதம் நாடி வந்த குருடனுக்குப் பார்வை திரும்பவில்லை, புதிதாக மூன்று பற்கள் முளைக்கின்றன. சேர்ந்த காசில் மாடி வீடு எழும்புகிறது. நண்டு நுழையாதபடி வலை, தேவதூதர் நுழையாதபடி ஜன்னலுக்குக் கம்பி. கிழவரோ கோழிக்கூண்டிலேயே கிடக்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. அற்புதம் வீட்டு முற்றத்துக்கே வந்தாலும் மனிதர்கள் அதை எப்படி நடத்துவார்கள் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கதை குறைவு.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு பழைய உறவு நினைவுக்கு வரும். 1943-இல் கலைமகள் இதழில் புதுமைப்பித்தன் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் மூலையில் நின்று, திருவல்லிக்கேணிக்கு டிராமில் போனால் வெற்றிலைக்கு மிஞ்சுமா, பஸ்ஸில் போனால் அரை கப் காப்பிக்குத் தேறுமா என்று கணக்குப் போடுகிறார் பிள்ளை. அந்தக் காலணா கணக்கின் நடுவே கடவுள் வந்து வழி கேட்கிறார். சிக்கரி கலந்த காப்பியைக் குடிக்கிறார். பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார். நண்டுகள் செய்த வேலையை இங்கே காலணா செய்கிறது.

இதை வைத்து, எல்லாம் நம் புராணங்களிலேயே உண்டு என்று சொல்லிவிடலாகாது. புராணத்தில் தெய்வம் தோன்றினால் கேட்பவர் கைகூப்புகிறார். பிள்ளையோ கடவுளைத் தம் வீட்டு விருந்தாளியாக அழைத்துப் போகிறார். அந்த மனநிலை நவீனச் சிறுகதைக்கே உரியது. புதுமைப்பித்தனின் சாதனையைப் புராணக் கணக்கில் எழுதினால் அவருக்கு நாம் அநீதி செய்தவர்களாவோம்.

இன்னொன்றையும் ஆய்வாளர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். அர்ஜென்டினாவின் ஹூலியோ கொர்த்தஸார் எழுதிய ஒரு கதை 1946-இல் எழுத்தாளர் போர்ஹேஸ் பொறுப்பிலிருந்த இதழில் வந்தது. பெரிய பழைய வீட்டில் அண்ணனும் தங்கையும். பின்கட்டில் ஏதோ சத்தம். நடுக்கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, மிஞ்சிய பாதியில் இருந்துகொள்கிறார்கள். வந்தது யார் என்று கதை சொல்வதே இல்லை. அண்ணனின் பிரெஞ்சுப் புத்தகங்கள் அந்தப் பக்கம் சிக்கிக்கொண்டன. வீட்டைத் துப்புரவு செய்யும் வேலை குறைந்தது. கடைசியில் மிஞ்சிய பாதியையும் விட்டு ஓடும்போது, தங்கை பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூல் மூடிய கதவின் அடியில் நீண்டு போகிறது. கையிலிருப்பதை அப்படியே போட்டுவிடுகிறாள்.

அதே ஆண்டுதான் அர்ஜென்டினாவில் பெரோன் அதிபரானார். வீட்டைப் பறித்தது பெரோனிய அரசியலே என்று விமர்சகர்கள் வாசித்தார்கள். அந்த வாசிப்புக்கு நியாயம் உண்டு. கொர்த்தஸாரோ, தமக்கு வந்த கெட்ட கனவிலிருந்து பிறந்த கதை என்று சொன்னார். அரசியலைக் கண்டுபிடித்ததும் பலர் கதையை மூடிவிடுகிறார்கள், அந்தக் கம்பளி நூல் அவர்கள் கண்ணில் படுவதில்லை என்பதுதான் என் வருத்தம். வகுப்பறையிலும் இதே அவசரம். சிறகு எதன் குறியீடு என்பது பத்து மதிப்பெண் வினாவாகிவிடுகிறது. மாணவர் திகைப்பதற்கு நேரமே கிடைப்பதில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டுரையாளரும் தாம் ஆராயும் கதையிலிருந்து ஒரு பக்கத்தை முதலில் உரக்க வாசியுங்கள். அதற்கான நேரத்தைக் கட்டுரை நேரத்திலிருந்து கழிக்க வேண்டாம் என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டிருக்கிறேன், அவரும் இசைந்திருக்கிறார். இந்தக் கதைகளை இதுவரை படித்திராத மாணவர்கள் பின்வரிசைகளில் நிறையவே இருக்கிறீர்கள். கேள்வி நேரத்தில் முதலில் நீங்கள் எழுந்திருங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.