முதிய பூனையின் பெருவயிறு

பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "வயதாகிவிட்டது, வயிறு சரிந்துவிட்டது" என்பதே அது. மனிதரைப் பற்றிச் சொல்லிப் பழகியதைப் பூனைக்கும் சொல்லிவிட்டு வீட்டார் அமைதியடைகின்றனர். பூனையின் அடிவயிற்றில், பின்னங்கால்களுக்கு முன்னே, தோல் சற்றுத் தொங்கி அசைவது இயல்புதான். இளம் பூனைகளுக்கும் அந்த மடிப்பு உண்டு. ஆனால் பத்து வயதைக் கடந்த பூனை ஒன்றுக்கு விலாவெலும்பு முடியும் இடத்திலிருந்தே வயிறு இருபுறமும் புடைத்து, அதே சமயம் முதுகெலும்பு கணுக்கணுவாகக் கைக்குத் தட்டுப்படுமாயின், அது முதுமையும் அன்று, கொழுப்பும் அன்று. உடல் மெலிய வயிறு மட்டும் பருப்பது நோயின் அறிகுறி. அறிகுறியே நோயாகிவிடாது. ஒரே மாதிரியான பெருவயிற்றுக்குப் பின்னே பத்துப் பன்னிரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கலாம். அவற்றுள் சில எளிதில் தீரும், சில தீரா. எது எதுவெனக் கண்டறியும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

பெங்களூரில் வாழும் நம்மவருக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. அது மொழியைப் பற்றியது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் கண்ணில் அது முதலில் பட்டதில் வியப்பில்லை. அல்சூரில் நாம் அறிந்த மூதாட்டி ஒருவர், பன்னிரண்டு வயதான தம் பெட்டைப் பூனையைக் கூடையில் வைத்து அருகிலிருந்த மருத்துவரிடம் எடுத்துச் சென்றார். "வயிறு உப்பியிருக்கிறது, தம்பி" என்றார். மருத்துவர் கன்னடத்தவர், தமிழ் ஓரளவு அறிந்தவர். கன்னடத்தில் 'ஹொட்டெ உப்பர' என்றால் வாயு சேர்ந்து வயிறு ஊதுதல் என்று பொருள். பச்சைத் தீவனத்தை மிகுதியாகத் தின்ற மாட்டுக்கு வரும் தொல்லையையும் அச்சொல்லாலேயே குறிப்பர். அவர் வாயுவுக்கு மருந்து தந்தார். பத்து நாட்கள் வீணாயின. அவரை நாம் குறை சொல்லமாட்டோம். உப்பு, உப்பர என்பன ஒரு வேரிலிருந்து கிளைத்த சொற்கள். பார்வைக்கு உடன்பிறந்தவை போலிருக்கும் இத்தகைய சொற்களே மொழிபெயர்ப்பாளனை ஏமாற்றுபவை; முற்றிலும் அயலான சொற்களால் அத்தனை இடர் நேர்வதில்லை.

நம் தமிழிலும் 'உப்புசம்' என்பது வாயுவையே நினைவூட்டும். வயிற்றில் நீர் கோத்தலுக்குப் பழைய வைத்திய வழக்கில் மகோதரம் என்னும் பெயர் இருந்தது. இன்று அதை முதியோர் சிலரே அறிவர். மேனாட்டு மருத்துவர் வழங்கும் 'அசைட்டிஸ்' என்ற சொல், தோற்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நீர் நிரப்பிய தோல் துருத்தியைப் பார்த்தவர்கள் அப்பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வர். ஆயினும் நோயின் பெயரை நாமே சொல்லாதிருப்பது நலம். கண்டதை மட்டும் சொன்னால் போதும்: எத்தனை நாளாக வயிறு பெருக்கிறது, உணவு குறைந்ததா, மலம் எப்போது கழிந்தது, சிறுநீர் வருகிறதா, கருத்தடை அறுவை ஆனதா. இவை எம்மொழியிலும் பிழையின்றிப் போய்ச் சேரும். வீட்டில் எடை பார்க்கும் பொறி இருப்பின், பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும், தூக்காமல் ஒருமுறையும் ஏறி நின்று வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம். கடைசி விலாவுக்குப் பின்னே ஒரு நூலால் வயிற்றைச் சுற்றி அளந்து, தேதியிட்டு வைக்கலாம். உறங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணலாம். முப்பதுக்கு மேற்பட்டால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லவேண்டும்.

மருத்துவர் செய்யும் முதல் வேலை, உடனே உயிருக்கு ஆபத்தானவற்றை விலக்கிப் பார்ப்பது. கடுவன் பூனை மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையெனில், அடிவயிற்றில் உருண்டையாகத் தட்டுப்படுவது நிறைந்த மூத்திரப்பையாக இருக்கலாம். அடைப்பை நீக்காவிடில் இரண்டு மூன்று நாளில் உயிர் போகும். கருத்தடை செய்யப்படாத பெட்டையெனில் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். கருப்பையின் வாய் மூடிக்கொண்டால் வெளியே ஒரு துளியும் கசியாது. வயிறு மட்டும் பெருக்கும். "இந்த வயதிலும் சினையா?" என்று வீட்டார் வியந்துகொண்டிருக்க, உள்ளே நஞ்சு ஏறிக்கொண்டிருக்கும். வாயைத் திறந்து மூச்சிரைக்கும் பூனையின் நிலையோ இன்னும் அவசரமானது. அதன் மார்பிலும் நீர் இருக்கக்கூடும். அத்தகைய பூனையை எக்ஸ்-ரே எடுப்பதற்காக மல்லாத்திப் பிடிப்பதே அதன் உயிரைப் போக்கிவிடலாம்.

இவை இல்லையெனில் கை பேசத் தொடங்கும். பழகிய கை குடலில் இறுகிய மலத்தையும், வீங்கிய கல்லீரலையும், கட்டியையும் தடவியே ஓரளவு சொல்லிவிடும். இக்காலத்தில் அடுக்குமாடி வீடுகளில் மிகுதியாகக் காணும் பாரசீகப் பூனைகளுக்குச் சிறுநீரகத்தில் நீர்ப்பைகள் தோன்றும் பரம்பரை நோய் உண்டு. அப்போது சிறுநீரகங்கள் மேடுபள்ளமாகக் கைக்குப் படும். வயிற்றில் நீர் நிறைந்திருந்தாலோ எதுவும் தட்டுப்படாது. ஒரு பக்கம் கையை வைத்து மறுபக்கம் விரலால் மெல்லச் சுண்டினால் அலை ஒன்று இக்கைக்கு வந்து சேரும். ஐயம் இருப்பின் அல்ட்ராசவுண்ட் கருவி தீர்த்துவைக்கும்.

நீர் இருக்கிறது எனத் தெரிந்ததும் அந்த நீரையே விசாரிக்கவேண்டும். நமது கருத்தில் இந்நோயறிதலின் உயிர்நிலை இதுவே. மெல்லிய ஊசியால் சில மில்லிலிட்டர் எடுத்தாலே போதும். அதன் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சிவப்பாக இருந்து, வைத்திருந்தும் உறையாவிடில் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று கொள்ளலாம். பால் போலிருந்தால் அது நிணநீர். பச்சை கலந்த பழுப்பானால் பித்தநீர். கலங்கி நாறினால் சீழ். சிறுநீர் கசிந்ததோ என்று ஐயுற்றால், அந்நீரிலுள்ள கிரியாட்டினின் அளவையும் இரத்தத்திலுள்ள அளவையும் ஒப்பிடுவர். நீரில் இரு மடங்குக்கு மேலிருப்பின் மூத்திரப்பை கிழிந்திருக்கிறது. தெளிந்த தண்ணீர் போலிருந்து, நூறு மில்லிலிட்டரில் புரதம் இரண்டரைக் கிராமுக்கும் குறைவாக இருந்தால், இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குன்றிவிட்டது எனலாம். அது கல்லீரலின் குற்றமா, சிறுநீரகத்தின் குற்றமா, குடலின் குற்றமா என்று இரத்தமும் சிறுநீரும் பார்த்துச் சொல்வர்.

வைக்கோல் நிறத்தில், விரலிடையே நூலாக இழுபடும் பிசுபிசுப்பான நீர் வந்தால் மருத்துவரின் முகம் மாறும். எஃப். ஐ. பி. என்று அவர்கள் சுருக்கிச் சொல்லும் வைரசு நோயை அது நினைவூட்டும். இந்நோயை 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜீன் ஹோல்ஸ்வொர்த் என்னும் பெண் மருத்துவர் முதலில் விவரித்தார். பூனைகளின் குடலில் சாதாரணமாக வாழும் கொரோனா வகை வைரசு ஒன்று, சில பூனைகளின் உடலில் மட்டும் உருமாறிக் கொடியதாகிறது. இரண்டு வயதுக்குட்பட்டவையே பெரும்பாலும் இதற்கு இரையாகின்றன; எனினும் முதியவையும் தப்புவதில்லை. இதை ஐயுறும்போது செய்யும் சோதனை மிக எளியது. இத்தாலியரான ரிவால்ட்டா மனித நோயாளிகளுக்காக வகுத்தது அது. சோதனைக் குழாயில் ஏழெட்டு மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, ஒரு துளி அசெட்டிக் அமிலத்தைக் கலந்து, அதன்மேல் வயிற்று நீரில் ஒரு துளியை மெல்ல விடுவார்கள். துளி கரைந்து மறைந்தால் அந்நோய் பெரும்பாலும் இல்லை. கரையாமல் கடற்சொறி போல் உருவோடு மிதந்தாலோ மெல்ல இறங்கினாலோ அந்நோயாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றே சொல்கிறோம். சீழிலும் சிலவகைப் புற்றுநோயிலும் துளி இவ்வாறே நிற்கும். 2019-க்கு முன் இந்நோய் ஏறக்குறைய மரண தண்டனையாகவே இருந்தது. அவ்வாண்டு கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் முப்பத்தொரு பூனைகளுக்குப் புதிய மருந்தொன்றைக் கொடுத்து, அவற்றுள் இருபத்தைந்து நெடுநாள் பிழைத்திருந்ததை வெளியிட்டனர். கொரோனாக் காலத்தில் மருந்துக் கடைகளின் வாசலில் நம் மக்கள் தேடியலைந்த ரெம்டெசிவிர், அம்மருந்தின் நெருங்கிய உறவு.

முதிய பூனைகளிடம் நாம் அதிகம் எதிர்பார்க்கவேண்டியவை புற்றுநோயும் இதய நோயும். இதயத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் வீட்டு அடுக்களையையும் எட்டிப்பார்த்தாகவேண்டும். மரக்கறி உண்ணும் வீடுகளில் பூனைக்கும் தயிர்ச்சாதமே வார்க்கப்படுகிறது. அன்பில் குறையில்லை; ஆனால் டாரின் என்னும் பொருளை அதில் போதிய அளவு காண முடியாது. நாயின் உடல் அதைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலோ தேவையான அளவு ஆக்கிக்கொள்ள இயலாதது. மீனும் இறைச்சியும்தான் கொடுக்கவேண்டும். அது குறைந்தால் கண் மங்கும். இதயத் தசை தளர்ந்து இதயம் பெருக்கும். பிறகு நீர் கோக்கும். இதயக் கோளாறுக்கு டாரின் குறைவே காரணம் என்பதை 1987-இல் பால் பியான் என்பவரும் அவர் கூட்டாளிகளும் நிறுவினர். காலத்தில் கண்டறிந்து டாரினைக் கொடுத்தால் தளர்ந்த இதயம் சில மாதங்களில் பெரிதும் தேறக்கூடும். காரணம் தெரியாமல் வெறும் நீர் மாத்திரையைக் கொடுத்துவந்தால், வயிறு வற்றும். இதயம் வற்றாத நோயோடு நின்றுவிடும். பூனை தானே எலியும் பல்லியும் பிடித்துத் தின்னும் வீடுகளில் இக்குறை அரிது. நான்காம் மாடியில் அடைபட்ட பூனைக்கு அவ்வழி ஏது?

அல்சூர் மூதாட்டியின் பூனைக்கு வேறொரு மருத்துவமனையில் நீர் எடுத்தபோது நாம் மொழிபெயர்க்க உடன் இருந்தோம். நீர் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தது. மெலிந்த முதுகையும் நான்கு மாதங்களில் குறைந்த எடையையும் கேட்டபோதே மருத்துவர் சற்று அமைதியாகிவிட்டார். நுண்ணோக்கியின் கீழ்ப் புற்றுநோய் அணுக்கள் காணப்பட்டன. ஸ்கேனில் குடலில் கட்டியும் வயிற்றுச் சவ்வெங்கும் அதன் சிதறல்களும் தெரிந்தன. "அம்மா, அறுவையால் பயனில்லை. மூச்சு முட்டும்போது கொஞ்சம் நீர் எடுக்கலாம், வலிக்கு மருந்து தரலாம்" என்றார். அதை நாம் தமிழில் சொன்னோம். மூதாட்டி நெடுநேரம் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாயுவென்று நினைத்து இதன் வாயைப் பிளந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேனே. இனி அது வேண்டாம். பிடித்ததைத் தின்னட்டும்" என்றார். அவர் பால் வெறுப்பவராயினும் தினமும் மத்தி மீன் வாங்கிவரச் செய்தார். இருமுறை நீர் எடுக்கப்பட்டது. ஏழாவது வாரம் பூனை உண்பதை நிறுத்தியதும், மருத்துவரை அழைத்து ஊசி மூலம் அமைதியாக முடித்துவைத்தார். முதல் பத்து நாளில் காரணம் தெரிந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அந்தப் பத்து நாட்கள் மட்டும் வேறாக இருந்திருக்கும்.

பெங்களூரில் வசதியற்றவர்களுக்கும் வழி உண்டு. ஹெப்பாளத்தில் 1958-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, பீதரைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் மருத்துவமனையில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கின்றனர். குவீன்ஸ் சாலையிலும் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. போகும்போது பூனையைக் கையில் தூக்கிச் செல்லவேண்டா. மூடியுள்ள கூடையில் பழைய துணி விரித்து வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தினால் நாய்க் குரைப்புக்கு அஞ்சாது. இதற்குமுன் கொடுத்த மருந்துகளின் அட்டைகளையும், நூல் அளவையும் எடையையும் குறித்த தாளையும் உடன் கொண்டுசெல்லுங்கள். வழியில் வலிக்கென்று வீட்டு மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.